மூளைத் தேய்வும் ஆன்டிஆக்சிடன்ட் குப்பிகளும்: எதை எடுப்பது, எதை விடுவது

அண்ணன் நியூஜெர்சியிலிருந்து அனுப்பிய பெட்டியில் நான்கு குப்பிகள் இருந்தன: வைட்டமின் ஈ, கோஎன்சைம் க்யூ10, மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் (மஞ்சளிலிருந்து பிரித்த பொருள்), கிங்கோ பைலோபா (கிங்கோ மரத்தின் இலைச் சத்து). அப்பாவுக்கு ஆரம்ப நிலை அல்சைமர் என்று நரம்பியல் மருத்துவர் உறுதிப்படுத்திய மாதம் அது. பெரியம்மாவுக்கு ஆறு ஆண்டுகளாகப் பார்கின்சன் இருப்பதால், இருவருக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார். நான்கு உறைகளிலும் பொதுவாக இருந்த சொல் ‘ஆன்டிஆக்சிடன்ட்’. “நாலுமே நல்லதுதானேம்மா, நாலையும் குடுத்துட வேண்டியதுதானே?” என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது, “கொஞ்சம் படிச்சுட்டுச் சொல்றேண்ணா” என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. இந்தக் கட்டுரை அந்தப் படிப்பின் விளைவு. இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பங்கள் பல இருக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் எந்த அளவுகோலால் எடை போட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நடைமுறைச் செய்தி. அப்பாவின் மாத்திரைப் பெட்டி ஏழு மூடிகள் கொண்டது. ஒவ்வொரு மூடியிலும் ஞா, தி, செ என்று அவரே ஒட்டி வைத்த எழுத்துகள் இருக்கின்றன. அதில் ஏற்கெனவே அல்சைமருக்கான டோனெபெசில், ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ஆகியவை இருக்கின்றன. சில காலைகளில் புதன் மூடியும் வியாழன் மூடியும் சேர்ந்து திறந்து கிடக்கும். கணக்கு ஆசிரியராக இருந்தவர், தான் எண்ணிப் போட்ட மாத்திரையைத் தானே எண்ணிச் சரிபார்க்க முடியாமல் நிற்கும் நேரத்தில், இன்னும் ஏழெட்டு மாத்திரைகளைச் சேர்ப்பது ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடிய காரியம் அன்று. ஒவ்வொரு புதிய குளிகையும் தனக்கான நியாயத்தைச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் மூர்க்கமான துகள்கள் உடலின் தடுப்பை மீறிச் செல்களைச் சிதைப்பதை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்; அதைத் தடுக்கும் பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட். அது வெறும் விளம்பரச் சொல் அன்று என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜனை வைத்து ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கொஞ்சம் கசிகின்றன. கசிந்தவை ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடு என்னும் ஃப்ரீ ரேடிக்கலாகின்றன, அதாவது பக்கத்தில் உள்ளவற்றோடு உடனே வினைபுரியும் துகளாகின்றன. அதைச் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற, குளூட்டாதையோனும் அதன் துணை நொதிகளும் அதைத் தண்ணீராக்கி முடிக்கின்றன. இந்தச் சங்கிலியில் ஓரிடம் தளர்ந்து, பக்கத்தில் இரும்பு அயனியும் இருந்துவிட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான ரேடிக்கலாக மாறி, எதிர்ப்பட்டதையெல்லாம் சிதைக்கிறது. மூளைச் செல்களின் சவ்வுகளில் மீன் எண்ணெயில் இருப்பது போன்ற, எளிதில் கெடும் கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருக்கின்றன. வெயிலில் திறந்து வைத்த நல்லெண்ணெயில் சில நாளில் சிக்கு வாடை வருகிறதே, வேதியியல் நோக்கில் அதே நிகழ்வுதான் அந்தச் சவ்விலும் நடக்கிறது. வைட்டமின் ஈ கொழுப்பில் கரைந்து சவ்வுக்குள்ளேயே உட்கார்ந்து அந்தத் தொடர்வினையை அறுக்கிறது என்பதும் உண்மையே.

பார்கின்சன் நோயில் இந்தக் கதை இன்னும் பொருத்தமாகத் தெரியும். இந்த நோயில் குறைந்துபோகும் மூளை வேதிப்பொருளான டோப்பமைனைச் சிதைக்கும் வினையிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. நோய் தாக்கும் கருநிறப் பகுதியில் இரும்பு மிகுந்திருக்கிறது. அங்கே குளூட்டாதையோன் குறைந்திருப்பதை இறந்தவர்களின் மூளைத் திசுக்களில் கண்டிருக்கிறார்கள். 1956-இல் டென்ஹம் ஹார்மன் முதுமைக்குக் காரணம் ஃப்ரீ ரேடிக்கல்களே என்று முன்வைத்த கோட்பாடும், 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸின் வேலையைக் கண்டறிந்ததும் இந்தத் துறைக்குக் கொடுத்த நம்பிக்கை மிகப் பெரிது. அந்த நம்பிக்கையிலிருந்துதான் மருந்துக்கடை அலமாரிகள் நிரம்பின.

இருந்தாலும், நோயாளியின் மூளையில் ஆக்சிஜனேற்றச் சேதம் தெரிகிறது என்பதும், அந்தச் சேதத்தைக் குறைத்தால் நோயாளிக்கு நல்லது என்பதும் இரண்டு தனித்தனிக் கூற்றுகள். எனக்கு எல்லாவற்றையும் விடத் தெளிவு தந்தது 2012-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. மிதமான நிலை வரையிலான அல்சைமர் நோயாளிகள் 78 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, ஆல்ஃபா லிபோயிக் அமிலம் மூன்றும் சேர்ந்த கூட்டு. இன்னொன்றுக்குக் கோஎன்சைம் க்யூ10. மூன்றாவதற்கு வெற்று மாத்திரை. 16 வாரங்கள் கழித்து முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தபோது, கூட்டு மருந்து எடுத்தவர்களிடம் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அடையாளமான ஐசோப்ரோஸ்டேன் 19 விழுக்காடு குறைந்திருந்தது. அதாவது மருந்து மூளைக்குப் போய், சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் அதே குழுவினரின் நினைவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிட வேகமாக இறங்கியிருந்தது. சிறிய ஆய்வு, குறுகிய காலம் என்று அதை ஒதுக்க நினைப்பவர்கள் 2022-இல் வெளியான பார்கின்சன் ஆய்வையும் பார்க்க வேண்டும். டெஃபெரிப்ரோன் என்ற இரும்பு நீக்கி மருந்தைப் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 372 பேரிடம் ஐரோப்பாவில் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடியே மூளையின் கருநிறப் பகுதியில் இரும்பு குறைந்தது ஸ்கேனில் தெரிந்தது. நோயின் அறிகுறிகளோ வெற்று மாத்திரைக் குழுவைவிட அதிகமாக மோசமாகின.

இந்த இரண்டையும் படித்த பிறகு என் அளவுகோல் மாறிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் எத்தனை ரேடிக்கல்களை அணைத்தது, ரத்தத்தில் எந்தக் குறியீடு குறைந்தது என்ற கேள்விகளை விட்டுவிட்டு, இந்த நோயில், இந்தக் கட்டத்தில், மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களின் அன்றாட வாழ்வில் என்ன மாறியது என்று மட்டும் கேட்கத் தொடங்கினேன்.

வைட்டமின் ஈ-யை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான்கில் வாதாடத் தகுதியுள்ளது அது ஒன்றுதான். 1997-இல் வெளியான ஆய்வில் மிதமான நிலை அல்சைமர் உள்ள 341 பேருக்கு இரண்டு ஆண்டுகள் நாளொன்றுக்கு 2000 ஐ.யூ. (வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் ஈ-யோ, பார்கின்சன் மருந்தான செலெஜிலினோ, இரண்டுமோ, வெற்று மாத்திரையோ தந்தார்கள். தொடக்கத்தில் குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு திருத்திய பிறகு, வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் காப்பகத்தில் சேர்க்கும் நிலையோ, அடிப்படைச் செயல்கள் கைவிடும் நிலையோ சற்றுத் தள்ளிப் போயிருந்தது. அந்தத் ‘திருத்திய பிறகு’ என்பது பலருக்கும் உறுத்தலாக இருந்தது. 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வு அந்த உறுத்தலைப் பெருமளவு நீக்கியது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 14-இல், ஆரம்ப நிலையிலிருந்து மிதமான நிலை வரையிலான அல்சைமர் உள்ள, டோனெபெசில் போன்ற மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த 613 பேர் சேர்ந்தார்கள். அதே 2000 ஐ.யூ. அளவில், அன்றாடச் செயல்திறன் குறையும் வேகம் ஆண்டுக்கு 19 விழுக்காடு மட்டுப்பட்டது. காலக் கணக்கில் அது ஆறு மாதத்துக்குச் சற்று அதிகமான தாமதம். நினைவுத்திறன் தேர்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே அது மறதியைக் குறைக்கவில்லை. சட்டைப் பொத்தான் போடுவது, சில்லறை எண்ணுவது போன்ற காரியங்கள் கைவிட்டுப் போவதைச் சற்றுத் தாமதப்படுத்தியது. மெமான்டின் என்ற இன்னொரு அல்சைமர் மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு அந்தப் பலனும் கிடைக்கவில்லை; அது ஏன் என்று எவரும் தெளிவாக விளக்கி நான் பார்க்கவில்லை. அந்தப் புதிர் இந்த ஆய்வின் மீதான என் நம்பிக்கையைக் கொஞ்சம் குறைக்கவே செய்கிறது.

நோய் வருவதற்கு முன்பே எடுத்தால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, எனக்காகத்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் கிடைக்கும் விடைகள் எல்லாம் ‘இல்லை’ என்பவையே. லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள 769 பேரிடம் மூன்று ஆண்டுகள் 2000 ஐ.யூ. கொடுத்துப் பார்த்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்கள் அல்சைமர் நிலைக்குப் போகும் விகிதத்தை வைட்டமின் ஈ மாற்றவில்லை. மறதி எதுவும் இல்லாத 7,540 முதிய ஆண்களிடம் 400 ஐ.யூ. வைட்டமின் ஈ-யையும் செலினியத்தையும் சோதித்து 2017-இல் வெளியான ஆய்விலும் மறதி நோய் குறையவில்லை. பார்கின்சனில் நிலைமை இன்னும் தெளிவு: 1987-இல் தொடங்கி 800 நோயாளிகளைச் சேர்த்த பெரிய ஆய்வு, 2000 ஐ.யூ. வைட்டமின் ஈ-யால் எந்தப் பலனும் இல்லை என்று 1993-இல் அறிவித்துவிட்டது. எனவே பெரியம்மாவைப் பொறுத்தவரை இந்தக் குப்பியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரே மருந்து, ஒரே 2000 ஐ.யூ. அளவு; நோயும் கட்டமும் மாறினால் விடையும் மாறுகிறது. ‘மூளைக்கு நல்லது’ என்ற பொதுச் சொல் இங்கேதான் உடைந்துபோகிறது.

வைட்டமின் ஈ-க்கு விலையும் உண்டு. நான் காசைச் சொல்லவில்லை. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பச்சை நிற மென்குளிகை ஒன்றில் பொதுவாக 400 மி.கி. டோகோஃபெரில் அசிடேட் இருக்கும். செயற்கை வகையில் 1 மி.கி. என்பது 1 ஐ.யூ. என்பதால், ஆய்வில் கொடுத்த அளவை எட்ட நாளுக்கு ஐந்து குளிகைகள் வேண்டும். அண்ணன் அனுப்பிய குப்பியில் 268 மி.கி. என்று அச்சிட்டு, பக்கத்தில் 400 ஐ.யூ. என்றும் போட்டிருந்தது, அது இயற்கை வகை, அதற்குக் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு உடலுக்குத் தேவைப்படுவது 15 மி.கி.தான் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால், ஆய்வில் கொடுத்ததை ஊட்டச்சத்து என்று சொல்ல வாய் வராது, அது மருந்து. மருந்தென்றால் பக்கவிளைவும் உண்டு. 35,000-க்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்ட புற்றுநோய்த் தடுப்பு ஆய்வு ஒன்றில், வெறும் 400 ஐ.யூ. எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது என்று 2011-இல் அறிவித்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, வைட்டமின் ஈ எடுப்பவர்களிடம் அடைப்பால் வரும் பக்கவாதம் 10 விழுக்காடு குறைவதாகவும், ரத்தக்கசிவால் வரும் பக்கவாதம் 22 விழுக்காடு கூடுவதாகவும் காட்டியது. வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்து எடுக்கும் அப்பாவும் எச்சரிக்கைக்குரிய அதே வரிசையில்தான் நிற்கிறார்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் வைட்டமின் ஈ-க்கு அநீதி செய்தவளாவேன். அதைக் கல்லீரலிலிருந்து உடலெங்கும் அனுப்பும் புரதத்தின் மரபணு பழுதுபட்டுப் பிறப்பவர்களுக்குச் சிறுவயதிலேயே நடை தள்ளாடத் தொடங்கும் ஓர் அரிய நோய் உண்டு. அவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் ஈ வாழ்நாள் மருந்து. நோயின் போக்கையே அது நிறுத்திவிடும். உண்மையிலேயே குறை இருக்கும் இடத்தில் நிரப்பினால் வேலை செய்கிறது. அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் அந்தக் குறை இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

கோஎன்சைம் க்யூ10 பெரியம்மாவை நினைத்து வாங்கியது. இதற்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது: பார்கின்சன் நோயாளிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் முதல் கண்ணியான காம்ப்ளெக்ஸ் 1 பலவீனமாக இருப்பது 1989 முதல் தெரியும், அந்தக் கண்ணியிலிருந்து எலக்ட்ரானை வாங்கிக் கடத்துவதே இந்தக் கோஎன்சைமின் வேலை. 2002-இல் 80 பேரிடம் நடந்த ஆய்வில் நாளுக்கு 1200 மி.கி. எடுத்தவர்களிடம் நோய் மெதுவாகப் போனதாகத் தெரிந்தது, உலகெங்கும் செய்தியானது. அதை உறுதிப்படுத்த 600 பேரிடம் 1200, 2400 மி.கி. அளவுகளில் நடத்திய பெரிய ஆய்வு, இனித் தொடர்வதில் பயனில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2014-இல் வெளியான எண்களில் வெற்று மாத்திரை எடுத்தவர்களே மிகக் குறைவாக மோசமாகியிருந்தார்கள். வேறுபாடு சிறிது என்றாலும், எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மூளை நரம்புகளைச் சிதைக்கும் மரபு நோயான ஹண்டிங்டனில் 609 பேரிடம் 2400 மி.கி. கொடுத்த ஆய்வும் இதே முடிவைத்தான் எட்டியது. 80 பேரின் ஆய்வு செய்தித்தாள்களில் வந்த அளவுக்கு 600 பேரின் ஆய்வு வரவில்லை என்பதால், குப்பிகள் இன்றும் விற்கின்றன.

குர்குமினைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. எங்கள் ஊர் மன்னார்குடி. அப்பா நாற்பது ஆண்டுகளாக மாலையில் சுற்றி வரும் குளத்தின் பெயரே ஹரித்ராநதி, அதாவது மஞ்சள் நதி. மஞ்சளை எதிர்த்து எழுதினால் வீட்டிலேயே எனக்கு ஆதரவு கிடைக்காது. ஆனால் இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாம்பாரில் போடும் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். கால் தேக்கரண்டியில் 20, 25 மி.கி. இருந்தால் அதிகம். அதிலும் பெரும்பகுதி தண்ணீரில் கரையாமலும், குடலிலும் கல்லீரலிலும் உடனே மாற்றப்பட்டும் ரத்தத்துக்குப் போகாமலே வெளியேறிவிடுகிறது. குப்பியில் இருப்பதோ செறிவூட்டிய குர்குமின், கூடவே மிளகின் பைபெரின். 20 மி.கி. பைபெரினைச் சேர்த்துக் கொடுத்தால் மனிதர்களில் குர்குமின் ஈர்ப்பு 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வுதான் அந்தக் கூட்டுக்கு அடிப்படை. பைபெரின் இதைச் செய்வது, உடல் மருந்துகளை மாற்றி வெளியேற்றும் வழிகளை அடைப்பதன் மூலம். அந்த வழியில் குர்குமின் மட்டும் போவதில்லை. ஃபெனிடோயின், புரோப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறுவதைக் காட்டியிருக்கிறார்கள். பல மாத்திரை எடுக்கும் முதியவருக்கு இது சிறிய செய்தி அன்று.

பலன் என்று பார்த்தால், அல்சைமர் நோயாளிகள் 34 பேரிடம் ஹாங்காங்கிலும் (2008), 36 பேரிடம் அமெரிக்காவிலும் (2012) ஏறத்தாழ ஆறு மாதம் நடந்த சோதனைகளில், 4 கிராம் வரை கொடுத்தும் வேறுபாடு தெரியவில்லை. 2018-இல் கலிஃபோர்னியாவில், மறதி நோய் இல்லாத 40 பேரிடம், எளிதில் ஈர்க்கப்படும் ஒரு வகைக் குர்குமினை 90 மி.கி. வீதம் நாளுக்கு இரு முறை 18 மாதங்கள் கொடுத்தபோது நினைவுத் தேர்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. அது நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆனால் 80 பேரின் க்யூ10 ஆய்வும் அப்படித்தான் இருந்தது. மறுபக்கம், செறிவூட்டிய மஞ்சள் குளிகைகளால் கல்லீரல் வீக்கம் ஏற்பட்டவர்களைப் பற்றி இத்தாலியும் அமெரிக்காவும் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றன. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்றும் தெரிந்திருக்கிறது. சமையல் மஞ்சளுக்கு இந்தக் குற்றச்சாட்டு இல்லை.

மஞ்சள் உண்ணும் நாட்டில் அல்சைமர் குறைவு என்ற பேச்சுக்கு மூலம், 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எடுத்த கணக்கு. அங்கே நோய் விகிதம் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பகுதியைவிடக் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் காரணம் மஞ்சள் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நோய் வந்தவர்கள் அதிக நாள் உயிரோடு இருக்காததும் எண்ணிக்கையைக் குறைக்கும். 2023-இல் வெளியான தேசிய அளவிலான கணிப்பு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகச் சொல்கிறது. அந்த 88 லட்சம் பேரும் மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தாம்.

கிங்கோவுக்கு ஒரு பத்தி அதிகம். 75 வயதைக் கடந்த 3,069 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வும், 2012-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வும் இது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று காட்டிவிட்டன. ரத்தக்கசிவு ஆபத்து பற்றிய ஐயமும் சேர்ந்துகொள்வதால், முதலில் ஒதுக்கிய குப்பி இதுதான்.

குப்பிகளுக்கு வெளியே, ஆன்டிஆக்சிடன்ட் என்ற பெயரில் மருத்துவமனைகளில் கிடைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. அண்ணன் அதைப் பற்றியும் கேட்டார். எடரவோன் என்பது ஃப்ரீ ரேடிக்கல்களைப் பிடிக்கும், முதலில் ஊசியாக வந்த மருந்து. ஜப்பானில் 2001-இல் பக்கவாதத்துக்கும், 2015-இல் தசை இயக்க நரம்புகள் செத்துப்போகும் ஏ.எல்.எஸ். நோய்க்கும் அனுமதி பெற்றது. 2017-இல் அமெரிக்காவும் ஏ.எல்.எஸ். நோய்க்கு அனுமதித்தது. அந்த அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், நோயின் தொடக்கக் கட்டத்தில் இருந்த, கவனமாகத் தேர்ந்தெடுத்த 137 பேரிடம், 24 வாரங்களில் செயல்திறன் அளவுகோலில் சுமார் இரண்டரைப் புள்ளி வேறுபாடு தெரிந்தது. ஐரோப்பாவிலோ அதற்கான விண்ணப்பம் 2019-இல் திரும்பப் பெறப்பட்டது. ஊசியாக எடுத்தால், மாதத்தில் பத்து நாள் ஒரு மணி நேரம் ஊசிக் குழாயோடு படுத்திருக்கும் சிகிச்சை அது. அல்சைமருக்கும் பார்கின்சனுக்கும் அதைக் கேட்டு வாங்க எந்த ஆதாரமும் இல்லை.

ஏ.எல்.எஸ். என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. குடும்பவழியாக வரும் ஏ.எல்.எஸ். நோயில் சிலருக்குச் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸின் மரபணுவே பழுதாகியிருப்பதை 1993-இல் கண்டுபிடித்தபோது, பாதுகாப்பு நொதி குறைந்ததால் நரம்பு செத்தது என்ற விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அந்த நொதி அறவே இல்லாத எலிகளுக்கு அந்த நோய் வரவில்லை. உருமாறிய புரதம் தவறாக மடிந்து நஞ்சாவதுதான் சிக்கல் என்று பின்னர் தெரிந்தது. 2023-இல் அமெரிக்கா அனுமதித்த டோஃபர்சென் அந்த நோயாளிகளின் உடலில் அந்த நொதி உருவாவதையே குறைக்கிறது. உடலின் முதல் ஆன்டிஆக்சிடன்ட் நொதியைக் குறைப்பதுதான் அங்கே சிகிச்சை!

வெளியிலிருந்து ஆன்டிஆக்சிடன்டைக் கொட்டுவதைவிட, செல்லுக்குள் இருக்கும் சொந்தப் பாதுகாப்பைத் தட்டி எழுப்புவது மேல் என்ற எண்ணம் இப்போது வலுப்பெற்றிருக்கிறது. என்ஆர்எஃப்2 என்ற புரதம் அந்தப் பாதுகாப்பு மரபணுக்களின் திறவுகோல். அதைத் தூண்டும் ஓமவெலாக்சலோன், ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற அரிய மரபு நோய்க்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எங்கள் வீட்டு நோய்களுக்கு அது இல்லை. ஆனால் அதே வழியைச் செலவில்லாமல் ஓரளவு திறக்கும் செயல் ஒன்று உண்டு: உடற்பயிற்சி. நடக்கும்போது தசையில் சற்றே கூடும் ஃப்ரீ ரேடிக்கல்கள்தாம் உடலுக்குப் பாதுகாப்பைக் கூட்டச் சொல்லும் செய்தி. 2009-இல் ஜெர்மானியக் குழு ஒன்று, பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு சாராருக்கு வைட்டமின் சி 1000 மி.கி., வைட்டமின் ஈ 400 ஐ.யூ. கொடுத்தபோது, பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் பலனும், உடலின் சொந்த ஆன்டிஆக்சிடன்ட் நொதிகளின் உயர்வும் தடைப்பட்டன. மாலை நடையும் குளிகையும் ஒன்றுக்கொன்று துணை என்று நான் எண்ணியிருந்ததை அந்த ஆய்வு கலைத்துவிட்டது.

உணவைப் பற்றி மிகைப்படுத்த விரும்பவில்லை. கீரை, பருப்பு, கொட்டைகள் மிகுந்த, மீனும் சேர்ந்த உணவு முறையைப் பின்பற்றுபவர்களுக்கு அல்சைமர் குறைவு என்று 2015-இல் சிகாகோக் குழு கண்டது. அதே உணவு முறையை 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் சோதித்து 2023-இல் வெளியிட்டபோது, ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை தெரியவில்லை. இரு குழுவினரும் எடை குறைந்து நலமாகவே இருந்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 8 மி.கி. வைட்டமின் ஈ இருக்கிறது. முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் நம் கொல்லையிலேயே இருக்கின்றன. அவற்றை மருந்தென்று நினைத்து ஊட்டாமல், சாப்பாடென்று நினைத்துப் பரிமாறினால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அப்படியென்றால் அண்ணன் செலவழிக்கத் தயாராக இருக்கும் பணத்தை எங்கே போடுவது? ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120-க்குக் கீழ் வைத்த 2019-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், லேசான அறிவாற்றல் குறைபாடு 19 விழுக்காடு குறைந்தது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த நாளக் கவனிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஃபின்லாந்தில் 1,260 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டே ஆண்டுகளில் பலன் தெரிந்தது. இவை நோய் முற்றுவதற்கு முந்தைய கட்டத்துக்கானவை. அப்பாவைவிட எனக்கும் அண்ணனுக்கும்தான் இவை அதிகம் பொருந்தும் என்று அவரிடம் சொன்னேன். அப்பாவைப் பொறுத்தவரை, பி12 அளவு பார்த்தீர்களா என்ற மருத்துவரின் கேள்வி எந்தக் குப்பியைவிடவும் பயனுள்ளதாக இருந்தது. சைவ உணவு மட்டும் உண்பவர்களிடம் அந்தக் குறை சாதாரணம்; அது மறதியைக் கூட்டும்; ஊசியால் நிரப்ப முடியும். அப்பாவுக்கு அளவு குறைவாகவே இருந்தது. இடது காது சரியாகக் கேட்கவில்லை என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தோம். நாங்கள் மறதி என்று எண்ணிய சில பதில்கள் உண்மையில் கேட்காத கேள்விகளுக்கு அவர் சொன்னவை.

குப்பிகளின் நிலை இதுதான். கிங்கோவையும் குர்குமினையும் திறக்கவில்லை. க்யூ10-ஐப் பெரியம்மா இரண்டு வாரம் எடுத்து, நெஞ்செரிச்சல் என்று தானே நிறுத்திவிட்டார்; பார்கின்சன் மருந்தான லெவோடோபாவை நேரம் தவறாமல் எடுப்பதுதான் அவருக்கு முக்கியம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் நானும் வற்புறுத்தவில்லை. வைட்டமின் ஈ மட்டும் முடிவாகாமல் இருக்கிறது. அப்பாவின் நோயும் கட்டமும் 2014-ஆம் ஆண்டு ஆய்வோடு பொருந்துகின்றன. அவர் எடுக்கும் இரண்டு ரத்தத் தட்டணு மருந்துகள் பொருந்தவில்லை. க்ளோபிடோக்ரெல்லை நிறுத்தலாமா என்று தை மாதப் பரிசோதனையில் பார்ப்பதாக இதய மருத்துவர் சொல்லியிருக்கிறார். நிறுத்தினால், நாளுக்கு ஐந்து குளிகைகளை அப்பாவால் விழுங்க முடியுமா, அவற்றை யார் எண்ணிக் கொடுப்பது என்பதைப் பேசிய பிறகு நரம்பியல் மருத்துவரிடம் கேட்போம். அதுவரை அந்தக் குப்பி உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கட்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அடியில் அச்சிட்ட காலாவதித் தேதிக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன.